டிராக்டர் இளைத்த கதை

பெக்கான் நானாஸ் பக்கம் நிலம் வாங்கப் போகிறவர், ஏக்கர் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் பீட் மண் எத்தனை அடி ஆழம் என்று கேட்டுவிடுவது நல்லது. ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையில் கூனோங் பூலாய் மலை பின்தங்கியதும் தரை தட்டையாகிவிடும். வயல்களுக்கு நடுவே பாரிட் என்று எல்லாரும் சொல்லும் வாய்க்கால்கள். அவற்றில் நிற்கும் தண்ணீர் பழுப்பாக, சில இடங்களில் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான வருடங்களாகச் சாய்ந்த காட்டு மரங்கள் நீருக்குள் கிடந்து முழுதாக மக்காமல் மண்ணாகிப்போனதன் சாறு அது. மலாய்க்காரர்கள் இந்த மண்ணைத் தானா கம்புட் என்கிறார்கள்.

இந்த மண்ணை உலர்த்தி எடை போட்டால் ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோதான் வரும். சாதாரண வயல் மண் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடும். நிலத்தில் இருக்கும் நிலையில் இதன் பெரும்பகுதி தண்ணீர். நாம் நிற்பது மண்மேல் என்று சொல்வதைவிட, நார் கலந்த தண்ணீர்மேல் என்று சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் வரும். இதன்மேல் மூன்று டன் இரும்பை ஓட்ட வேண்டும் என்பதுதான் இந்த வட்டாரத்தில் டிராக்டர் வாங்குகிறவரின் தலைவலி.

அன்னாசி இங்கே வந்து சேர்ந்தது சுற்றுவழியில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் ரப்பர் கன்று நட்டவர்கள், மரம் பால் தருவதற்கு ஆகும் ஆறேழு வருடத்தை ஓட்டுவதற்காக ஊடுபயிராக அன்னாசி போட்டார்கள். பழம் சிங்கப்பூரின் டின் தொழிற்சாலைகளுக்குப் போனது. ரப்பர் வளர்ந்து நிழல் கவிந்ததும் அன்னாசி வேறிடம் தேடியது. புளிப்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும் பயிர் என்பதால், மற்றவர்கள் தொடத் தயங்கிய பீட் நிலம் அதற்குக் கிடைத்தது. 1957-இல் அமைந்த மலேசிய அன்னாசித் தொழில் வாரியம் பெக்கான் நானாஸில் அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1996-இல் வெளியிட்ட ஜோசாபைன், இப்போது எல்லாரும் நடும் எம்டி2, பழைய மோரிஸ் என்று ரகங்கள் மாறிக்கொண்டே வந்தன. மண் மாறவில்லை.

இந்தப் பயிருக்கு இங்கே உழவு தேவையில்லை. பீட் மண்ணில் கையால் குழி போட்டுக் கன்றைச் செருகிவிடலாம். உலகமெங்கும் டிராக்டரை எதற்காகக் கண்டுபிடித்தார்களோ அந்த வேலையே இங்கே கிடையாது. காய்த்து ஓய்ந்த செடிகளை நறுக்கித் தரையோடு சேர்ப்பது, மருந்து அடிப்பது, பழத்தை வயலிலிருந்து சாலைக்குக் கொண்டுவருவது, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலைகளை இழுப்பது ஆகியவைதான் வேலைகள். பட்டறையில் போய்க் கேட்டால், கனமான வண்டி நீடிக்கும், இலேசான வண்டி வீட்டுக்காரர் விளையாடுவதற்கு என்பார்கள். கெட்டித் தரைக்கு அது சரியான பேச்சு. இங்கே கனமான வண்டி நீடிக்கும்தான், சேற்றுக்குள்.

டிராக்டருக்கு ஏன் கனம் வந்தது, அது எப்படிக் கரைந்தது என்ற கதை தெரிந்தால், எந்த வண்டியை எதற்கு வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும்.

டிராக்டர் பிறந்ததே குண்டாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் புல்வெளிகளை உழுத நீராவி எஞ்சின்கள் பத்து டன்னையும் தாண்டின. கொதிகலனும் தண்ணீரும் எரிபொருளும் எடையாக ஏறின. 1892-இல் ஐயோவா மாநிலத்தில் ஜான் ஃப்ரோலிக் என்பவர் பெட்ரோல் எஞ்சின் வைத்து, முன்னும் பின்னும் போகக்கூடிய ஒரு வண்டியைக் கட்டினார். கொதிகலன் போயிற்று, எடை முழுதாகப் போகவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. கலப்பையை இழுக்கும் வண்டியின் பின்சக்கரம் தரையைப் பிடிக்க வேண்டும். எடை குறைந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எஞ்சினில் எத்தனை குதிரைத் திறன் இருந்தாலும் தரையில் பிடி இல்லாவிட்டால் அது புகையாகத்தான் போகும். ஆகவே வடிவமைத்தவர்கள் இரும்பைத் தாராளமாகச் சேர்த்தார்கள். கெட்டியான கரிசல் அதைத் தாங்கியது.

தாங்காத ஒரு நிலம் கலிஃபோர்னியாவில் இருந்தது. சாக்ரமெண்டோ, சான் ஹோவாக்கின் ஆறுகள் கூடும் கழிமுகத் தீவுகள். கரை கட்டி, தண்ணீரை இறைத்து விளைநிலம் ஆக்கப்பட்ட அந்தத் தீவுகளின் மண்ணும் பீட்தான். பொந்தியானில் இருப்பது மரம் மக்கியது, அங்கே இருந்தது நாணலும் கோரையும் மக்கியது. கால் வைத்தால் அமுங்குவதில் இரண்டும் ஒன்றே. நல்ல விளைச்சல் தரும் நிலம், ஆனால் குதிரையே புதைந்துபோகும். குதிரைக் குளம்பில் அகலமான செருப்பு மாட்டி ஓட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கழிமுகத்தின் ஓரத்தில் ஸ்டாக்டன் நகரத்தில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவரின் தொழிற்சாலை இருந்தது. சகோதரர்கள் சேர்ந்து 1883-இல் சக்கரம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. அறுவடை இயந்திரம், பிறகு நீராவி இழுவண்டி என்று வளர்ந்தார்கள். வண்டி தீவில் புதைகிறது என்ற புகார் வந்தபோது, சக்கரக்காரர்கள் சக்கரத்தைத்தான் அகலமாக்கினார்கள். இன்னும் புதைந்தது, இன்னும் அகலமாக்கினார்கள். கடைசியில் ஒவ்வொரு பக்கமும் ஆறடி அகலச் சக்கரங்கள் மும்மூன்று வைத்து, மொத்தம் ஏறத்தாழ 46 அடி அகலத்துக்கு ஒரு வண்டி நின்றது. அதைத் திருப்புவதற்கே ஒரு வயல் வேண்டும். எந்தப் பாலத்திலும் ஏறாது. ஒரே யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் பொறியியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த வண்டியின் பழைய புகைப்படத்தைப் பார்த்தால் போதும்.

ஹோல்ட் அப்போதுதான் சக்கரத்தைக் கைவிட்டார். சேற்றில் பலகை போட்டு நடப்பதைப்போல, வண்டி தன் பாதையைத் தானே விரித்து, கடந்ததும் சுருட்டிக்கொண்டு போனால் என்ன? தன் 77-ஆம் எண் நீராவி வண்டியின் பின்சக்கரங்களைக் கழற்றி, அங்கே ஒன்பதடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட சங்கிலித் தடங்களை மாட்டினார். தடத்தின் பட்டைகள் ரெட்வுட் மரத்தில் செய்தவை. 1904 நவம்பர் 24 அன்று ராபர்ட்ஸ் தீவின் பீட் மண்ணில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். புதையவில்லை. மெல்ல ஊர்ந்த அந்த வண்டியைப் பார்த்து ஒரு புகைப்படக்காரர் கம்பளிப்புழு மாதிரி இருக்கிறது என்றாராம். ஹோல்ட் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். கேட்டர்பில்லர். 1925-இல் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனத்தோடு ஹோல்ட் நிறுவனம் இணைந்தபோது அதுவே கம்பெனியின் பெயருமானது.

தடம் பூட்டும் யோசனை ஹோல்ட்டுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆல்வின் லொம்பார்ட், பனியில் மரம் இழுக்க 1901-லேயே காப்புரிமை எடுத்திருந்தார். இங்கிலாந்தில் ஹார்ன்ஸ்பி நிறுவனமும் ஒன்றைச் செய்தது. அதன் காப்புரிமையை ஹோல்ட் பின்னால் விலைக்கு வாங்கினார். ஆனால் விவசாயி காசு கொடுத்து வாங்கும் பொருளாகத் தட டிராக்டர் ஆனது பீட் மண்ணால்தான். ஜொகூரின் வாய்க்கால் கரைகளில் இன்று நிற்கும் ஒவ்வொரு எக்ஸ்கவேட்டரும் அந்தத் தீவின் வாரிசு.

தடம் ஏன் புதையவில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மனிதர் நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், 60 கிலோ எடை சுமார் 200 சதுர சென்டிமீட்டர் பாதத்தில் இறங்குகிறது. டயர் கடைக் கணக்கில் சொன்னால் நாலரை பிஎஸ்ஐ-க்குக் கொஞ்சம் குறைவு. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், அதற்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம் என்பது ஒரு கைக்கணக்கு. 15 பிஎஸ்ஐ காற்று அடித்த டிராக்டர் டயர், நடக்கும் மனிதரைப்போல மூன்று மடங்குக்கு மேல் அழுத்துகிறது. அகலமான தடம் போட்ட வண்டி பல டன் இருந்தாலும் நாலு பிஎஸ்ஐ அளவிலேயே நின்றுவிடும். ஆகவே பெக்கான் நானாஸில் வண்டி என்ன எடை என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். அந்த எடை எத்தனை பரப்பில் உட்காருகிறது என்பது மீதி.

இதே மண்ணைப்பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பீட் நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது சுருங்கும், பிறகு காற்றுப்பட்டு மெல்ல மெல்லக் கரைந்து காற்றோடு போகும். ஹோல்ட்டின் வண்டி ஓடிய கழிமுகத் தீவுகளில் பல இன்று கடல்மட்டத்துக்குப் பதினைந்து அடிக்கும் கீழே, கரைகளின் தயவில் நிற்கின்றன. மேற்கு ஜொகூரில் ஆய்வாளர்கள் நீண்ட காலம் அளந்து பார்த்ததில், ஆரம்பச் சரிவுக்குப் பிறகும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நிலம் இறங்கிவந்தது தெரிந்தது. நிலம் இறங்க இறங்க, உள்ளே புதைந்து கிடந்த பழைய காட்டு மரக் கட்டைகள் மேலே எட்டிப்பார்க்கும். போன முறை தடையில்லாமல் ஓடிய செடி நறுக்கும் கருவி இந்த முறை கட்டையில் மோதிக் கத்தி வளையும், கியர் பெட்டியில் பல் உடையும். வண்டியின் ஆயுள் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினையே பேசுகிறார்கள். பீட் நிலத்தில் முதலில் போவது எஞ்சினுக்குப் பின்னால் இருப்பவைதான்.

எடையைப் பரப்புவது ஒரு வழி. எடையே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று யோசித்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். 1884-இல் டவுன் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டிராக்டருக்கு முன்னால் விமானம் செய்து பறந்தவர். அயர்லாந்தில் விமானம் செய்து பறந்த முதல் ஆள் அவர்தான், 1909 டிசம்பர் 31 அன்று. எதையும் கிராம் கணக்கில் பார்க்கும் புத்தி அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம்.

முதல் உலகப்போரின்போது ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் வெளிவந்தது, 1917-இல். அதுவரை பெரும்பாலான டிராக்டர்களுக்கு அடியில் ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், எஞ்சினும் கியரும் அதன்மேல் உட்காரும். ஃபோர்ட்சனில் சட்டம் கிடையாது. எஞ்சின் உடல், கியர் பெட்டி, பின் அச்சுப் பெட்டி மூன்றும் வார்ப்பிரும்பில் செய்து ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கி, அதுவே முதுகெலும்பானது. எடையும் விலையும் இறங்கின. இன்று எந்த விவசாய டிராக்டரைத் திறந்தாலும் பெரும்பாலும் இந்த முதுகெலும்பையே பார்க்கலாம். ஆனால் ஃபோர்ட்சனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பின்னால் சங்கிலியில் கட்டி இழுக்கும் கலப்பை ஏதாவது வேரில் மாட்டிக்கொண்டால், வண்டி முன்னங்காலைத் தூக்கி ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழும். பலர் செத்தார்கள்.

ஃபெர்குசன் கலப்பையை இழுத்துச் செல்லும் பொருளாகப் பார்க்காமல் வண்டியின் ஓர் உறுப்பாகப் பார்த்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, மூன்று புள்ளியில் கலப்பை வண்டியோடு பூட்டப்படும். 1926-இல் இதற்குக் காப்புரிமை. கலப்பை மண்ணில் சிக்கினால், அந்த விசை மேல்கை வழியாக வண்டியை முன்னோக்கித் தள்ளும், மல்லாக்காது. அதோடு, கலப்பையின் எடையும் மண் அதைக் கீழே இழுக்கும் விசையும் பின்சக்கரத்தில் வந்து உட்காரும். வேலை கடினமாக ஆக ஆகச் சக்கரத்தின் பிடியும் கூடும். எடையை வண்டியில் ஏற்றிச் சுமப்பதற்குப் பதிலாக, தேவைப்படும் நேரத்தில் மண்ணிடமிருந்தே கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. ஹைட்ராலிக் கட்டுப்பாடு ஆழத்தைப் பார்த்துக்கொண்டது.

1938-இல் ஃபோர்டும் ஃபெர்குசனும் எழுத்தில் ஒன்றுமில்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள். அடுத்த வருடம் 9என் டிராக்டர் வந்தது. 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் செய்யப்பட்ட டிஇ20, ஒரு டன்னைச் சற்றே தாண்டிய சாம்பல் நிற வண்டி, பத்தே வருடத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. கைகுலுக்கல் அதற்குள் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 1952-இல் ஃபோர்டு தரப்பு 92.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. ஃபெர்குசன் நிறுவனம் 1953-இல் மாஸி ஹாரிஸோடு சேர்ந்தது. பெயர் பின்னால் மாஸி ஃபெர்குசன் என்று சுருங்கியது.

அந்த வண்டியின் வம்சம் நமக்குப் பழக்கமானதே. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் வண்டிகளைத் தயாரித்தது. அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் உரிமத்தில் செய்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினை உள்ளே வைத்தார்கள். தஞ்சாவூர்க்காரரானாலும் மலேசியத் தோட்டத்து டிரைவரானாலும் மாஸி என்றால் சிவப்பு வண்டி என்று தெரியும். சிலிண்டர் தேய்ந்தால் உறையை மட்டும் கழற்றி மாற்றலாம், ஊர்ப் பட்டறையிலேயே முடியும். இதுதான் என் பார்வையில் நீடித்து உழைப்பது என்பதன் பொருள். கெடாத வண்டி என்று ஒன்று கிடையாது. கெட்டால் பெக்கான் நானாஸிலோ பொந்தியானிலோ ஒரு நாளில் சரிசெய்ய முடிகிற வண்டி உண்டு.

ஃபெர்குசனின் வித்தைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. மண்ணுக்குள் போய் இழுபடும் கருவி பின்னால் இருந்தால்தான் அது பலிக்கும். அன்னாசி வயலில் கலப்பை கிடையாது என்று முன்பே சொன்னேன். இங்கே பின்னால் மாட்டுவது செடி நறுக்கும் கருவி, மருந்துத் தொட்டி, இல்லையென்றால் டிரெய்லர். நறுக்கும் கருவியும் தொட்டியும் பின்சக்கரத்தில் வெறும் சுமையாகத் தொங்கும். முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. அதைச் சரிக்கட்ட முன்னால் இரும்புப் பாளங்களை மாட்டச் சொல்வார்கள், பின்டயரில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பச் சொல்வார்கள். கெட்டித் தரையில் இரண்டும் நியாயமானவை. பீட் நிலத்தில் டயருக்குள் தண்ணீர் ஊற்றுவது காசு கொடுத்துச் சேற்றை வாங்குவது. வண்டியை எடுக்கும்போதே டயரில் தண்ணீர் இருக்கிறதா என்று வால்வைத் திருகிப் பார்த்துவிட வேண்டும். அகல டயர், குறைந்த காற்று, நான்கு சக்கரமும் ஓடும் அமைப்பு, நறுக்கும் கருவியை ஒரு அளவு குறைத்து மாட்டுவது: வழி இதுதான்.

விளம்பரத் தாளில் இருக்கும் இழுவைத் திறன் எண்ணையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அந்த எண் பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்துக் கம்பெனி ஒன்று, ஃபோர்டு என்று பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஃபோர்டு டிராக்டர் என்று ஒன்றை விற்றது. ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை வாங்கி ஏமாந்த நெப்ராஸ்கா விவசாயி வில்மட் குரோசியர் சட்டமன்ற உறுப்பினரானதும், சோதனையில் தேறாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக்கூடாது என்று 1919-இல் சட்டம் கொண்டுவந்தார். முதல் சோதனையை 1920-இல் முடித்தது வாட்டர்லூ பாய், ஃப்ரோலிக் வண்டியின் வழித்தோன்றல். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் இருக்கும் நிலையம் இதே வேலையைச் செய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெப்ராஸ்காவில் 1950களிலிருந்து இழுவையை அளப்பது காங்கிரீட் ஓடுதளத்தில். பொந்தியானில் காங்கிரீட் இருப்பது வீட்டு முற்றத்தில் மட்டும்.

மூன்றாவது இளைப்பு ஜப்பானில் நடந்தது. ஒரு ஹெக்டேரும் தேறாத நெல் வயல்கள், ஈர மண், குறுகிய வரப்பு. அமெரிக்க டிராக்டர் அங்கே நுழையவே முடியாது. நடந்துகொண்டே ஓட்டும் கைடிராக்டரில் தொடங்கிய குபோட்டா, 1960-இல் டி15 என்ற சிறு டிராக்டரைக் கொண்டுவந்தது. 1969-இல் 21 குதிரைத் திறன் கொண்ட எல்200 அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதை வாங்கியவர் நெல் விவசாயி இல்லை. நகரத்துக்கு வெளியே ஐந்தாறு ஏக்கரில் வீடு கட்டிக்கொண்டு புல் வெட்டவும் பனி தள்ளவும் ஒரு வண்டி தேடியவர். சந்தை சூடுபிடித்ததும், பச்சை வண்டிக்குப் பேர்போன ஜான் டியரே 1970களின் பின்பாதியில் ஜப்பானின் யான்மாரிடம் சிறு டிராக்டர்களைச் செய்து வாங்கித் தன் பெயரில் விற்றது.

ஆக, வீட்டுக்காரர் வண்டி என்று இன்று சொல்லப்படும் சிறு டிராக்டர் பிறந்தது முழுநேர விவசாயிக்காக. அது மறுபடி தொழிலுக்குத் திரும்பியதை ஜொகூரிலேயே பார்க்கலாம். செம்பனைத் தோட்டங்களில் குலையைத் தூக்கும் கிராபர் கை பூட்டிய மினி டிராக்டர்கள் மரங்களுக்கு நடுவே நாள் முழுக்க ஓடுகின்றன. பெரிய டிராக்டர் சாலையில் நிற்கும், சின்னது உள்ளே போகும். அளவை வைத்து வீட்டு வண்டி, தோட்ட வண்டி என்று பிரிப்பது இந்த ஒரு காட்சியிலேயே அடிபட்டுப்போகிறது.

பிரிக்கவேண்டியது மணிக் கணக்கை வைத்து. தோட்டத்தில் நாளுக்கு 6 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடும் வண்டிக்கு வருடம் 1,800 மணி. வாரம் இரண்டு மணி நேரம் புல் வெட்டுகிறவருக்கு வருடம் நூறு மணி சொச்சம். ஆயிரம் மணியில் ஓய்ந்துபோகும் வண்டி தோட்டத்தில் ஏழு மாதம் தாங்காது, வீட்டில் கிட்டத்தட்டப் பத்து வருடம் ஓடும். இரண்டு பேருமே தங்கள் வண்டியைப்பற்றிச் சொல்வது உண்மையாக இருக்கும், ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் வாங்கினால்தான் வம்பு.

புல் வெட்டும் டிராக்டர் என்பது வேறு ஜாதி. ஜான் டியர் 1963-இல் 110 என்ற மாடலோடு இந்தச் சந்தையில் இறங்கியது. இன்று கடையில் இருக்கும் பெரும்பாலான இத்தகைய வண்டிகளில் அழுத்தித் தட்டிய தகட்டுச் சட்டம், 3,600 சுற்றில் கத்தும் பெட்ரோல் எஞ்சின், பெல்ட் வழியாகச் சக்தி, திறந்து பழுதுபார்க்க இடம்கொடாத மூடிய கியர் பெட்டி. பார்வைக்கு டிராக்டர், எலும்புக்குப் பதில் தகடு. பெக்கான் நானாஸ் வீட்டில் கால் ஏக்கர் புல்லுக்கு அது போதும். அதையே அன்னாசி டிரெய்லர் இழுக்கப் பூட்டினால் கியர் பெட்டி ஒரு பருவம் தாண்டினால் அதிசயம். டீசல் சிறு டிராக்டரில் வார்ப்பிரும்பு முதுகெலும்பு இருக்கும், எஞ்சின் மூவாயிரம் சுற்றுக்குள் நிதானமாக ஓடும், ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் பொதுவாக ஐயாயிரம் மணிக்கு மேல் உழைக்கும். கடையில் வண்டிக்கு அடியில் குனிந்து, எஞ்சினிலிருந்து பின் அச்சுவரை வார்ப்பிரும்பு தொடர்கிறதா, நடுவே தகடு வருகிறதா என்று பார்ப்பதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை.

வீட்டுக்காரருக்கு நான் கூடுதலாகச் சொல்வது வேறு. தோட்டத்து வண்டி உழைத்துச் சாகும், வீட்டு வண்டி சும்மா நின்று சாகும். ஜொகூரின் ஈரக்காற்றில் பாதி காலியான டீசல் தொட்டியில் தண்ணீர் கோக்கும். மலேசிய பம்புகளில் வரும் டீசலில் செம்பனை எண்ணெய் எரிபொருள் கலந்திருக்கிறது, 2019 முதல் போக்குவரத்து டீசலில் நூற்றுக்குப் பத்து பங்கு. அது சாதா டீசலைவிடக் கூடுதலாக ஈரத்தை இழுக்கும். தொட்டியை நிரப்பி வைப்பது, வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரைத் திறந்துவிடுவது, வாரம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுவது, இவற்றுக்கு நேரம் இல்லாதவர் டிராக்டர் வாங்குவதைவிடக் கூலிக்கு ஆள் வைப்பது மலிவு. மூன்று ஏக்கர் அன்னாசிக்காரரும் நறுக்கும் வேலை ஒன்றுக்காகச் சொந்த வண்டி வாங்க அவசரப்பட வேண்டாம். அந்த வேலை பயிர் முடிந்து மறுநடவு செய்யும்போது மட்டும் வருவது. கான்ட்ராக்டரின் வண்டி வந்து ஒரு நாளில் முடித்துவிட்டுப் போகும்.

ஜப்பானில் ஓடி முடித்து ரீகண்டிஷன் ஆகி வரும் சிறு டிராக்டர்களுக்கு இங்கே நல்ல கிராக்கி. புதுப் பெயின்ட் எதையும் மறைக்கும். மணி காட்டும் மீட்டரை மாற்றிவிடலாம். கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்மானத்தையும், கலப்பைக் கைகளின் துளைகள் நீள்வட்டமாகியிருப்பதையும், முன் அச்சை ஆட்டினால் எழும் சத்தத்தையும் மறைப்பது கடினம். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த மாடலாக இருந்தால் உதிரிபாகம் இங்கே கிடைக்கிறதா என்று முதலிலேயே விசாரிக்க வேண்டும். பாதுகாப்புச் சட்டம் இல்லாமல் வரும் பழைய வண்டிகளும் உண்டு. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவைக் கட்டாயமாக்கி ஸ்வீடன் சட்டம் போட்டது 1959-இல். வாய்க்கால் கரை சரிந்து வண்டி பாரிட்டில் விழும் ஊரில், அந்த வளைவும் இடுப்புப் பட்டையும் இல்லாத வண்டியை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

பழம் சுமக்கும் வேலைக்கு இப்போது ஜப்பானிய வழியும் ஹோல்ட்டின் வழியும் ஒன்றாகிவிட்டன. நடந்தோ உட்கார்ந்தோ ஓட்டும் சின்னச் சுமைவண்டி, சக்கரத்துக்குப் பதில் ரப்பர் தடம். அரை டன் பழத்தோடு வரிசைகளுக்கு நடுவே போய்வரும். ஆழமான பீட்டில் நிலம் வைத்திருப்பவர் 50 குதிரைத் திறன் டிராக்டருக்குப் போகும் பணத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். விலை கேட்கும்போது ஒரு ஜோடி ரப்பர் தடம் தனியாக என்ன விலை என்றும் சேர்த்துக் கேட்கட்டும். புதைந்த கட்டையும் கிரவல் சாலையும் மாறி மாறி அதைக் கிழிக்கும். வயலில் ஓடுவதைவிடச் சாலையில் ஓடித்தான் அது சீக்கிரம் தேயும் என்பதால், பழத்தை இறக்கும் இடத்தை வயல் ஓரத்திலேயே வைத்துக்கொண்டால் மிச்சம்.